தீர்த்தகிரி அருவி

வெயில் மலையில்கூட முதுகைச் சுடத் தொடங்கியிருந்த சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், புதூர்நாட்டுக்குப் பக்கத்து ஊரொன்றில், தீர்த்தகிரியின் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இடுப்பில் துண்டு மட்டும் கட்டிய பருத்த மனிதர் ஒருவர் இறங்கினார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். பின்னால் அவருடைய மனைவி சீயக்காய்ப் பொட்டலத்தோடு இறங்கினார்.

"அருவி எந்தப் பக்கம்பா?"

சாமைக் கதிர் அடித்துப் போட்ட வைக்கோலை உதறிக்கொண்டிருந்த தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்தார். "இங்க அருவி ஏதுங்க? ஜமுனாமரத்தூர் பக்கம் போனா ஒண்ணு கீது. இந்த வெயிலுக்கு அதுலயும் தண்ணி இருக்குமோ இன்னாவோ."

வந்தவர் தம் கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு படம் இருந்தது. கொட்டும் மழை, ஒரு தகரக் கூரை, அதன் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஊற்றும் தண்ணீர், ஓரத்தில் ஒரு மாட்டின் பின்பாதி. மாட்டைத் தீர்த்தகிரி உடனே அடையாளம் கண்டுகொண்டார். படத்துக்குக் கீழே, 'தீர்த்தகிரி அருவி' என்று எழுதியிருந்தது.

"இது எங்க வூடுங்க."

"அருவிக்குப் பக்கத்துல வீடு கட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க, இதான் வூடு."

"அப்ப தீர்த்தகிரி?"

"அது நானுங்க."

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எண்ணெய் வழிய நின்றவரால் குளிக்காமல் ஊர் திரும்பவும் முடியவில்லை, சட்டை போடவும் முடியவில்லை. தீர்த்தகிரியின் மனைவி சாந்தம்மாள்தான் பரிதாபப்பட்டு, வீட்டுக்கென்று பிடித்து வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரை வாளியில் மொண்டு கொடுத்தாள். அவர் நன்றாகத் தேய்த்துக் குளித்தார். காரில் ஏறியதும் கைப்பேசியில் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு இப்படி எழுதினார்: 'தண்ணீர் வரத்து குறைவு. ஊழியர்கள் பணிவானவர்கள்.'

இது எப்படி நடந்தது என்றால், மலைவள அறிவூக்க முகமை என்று ஓர் அலுவலகம் திருப்பத்தூரில் இருந்தது. மலைக்கு வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கவும், மலையைப் பற்றி வாசிக்கவும், மலைப் பிள்ளைகள் தங்கள் மலையைப் பற்றிக் கற்றுக்கொள்ளவும் அது 'மலைத்தேன்' என்ற செயலியை வெளியிட்டிருந்தது. வெளியீட்டு விழாவிலேயே, நூறு அருவிகள் உங்கள் உள்ளங்கையில் என்று அறிவித்துவிட்டார்கள். அருவிகளை எண்ணும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எண்ணுவதற்கு ஒப்பந்த அடிப்படையில் நவீன்குமார் என்ற இளைஞனை வேலைக்கு எடுத்தார்கள். அவன் இருசக்கர வண்டியில் மலை முழுக்க அலைந்தான். ஓடை, ஊற்று, உடைந்த குழாய் எல்லாவற்றையும் சேர்த்தும் ஒன்று குறைந்தது. ஐப்பசி மழையில் நனைந்து தீர்த்தகிரியின் வீட்டுக் கூரை இறவாணத்தின் கீழ் ஒதுங்கியவன், "பேரு இன்னாணா?" என்று கேட்டான். தீர்த்தகிரி தம் பெயரைச் சொன்னார். நவீன்குமார் கூரைத் தண்ணீரைப் பார்த்தான், பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தான், படம் எடுத்தான். செயலியில் அருவி, குகை, கோயில், காட்சிமுனை என்று நான்கு வகைகள்தாம் இருந்தன. வீடு என்ற வகை இல்லை. சாந்தம்மாள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவன் போய்விட்டான்.

அந்த எண்ணெய்க்காரருக்குப் பிறகு வாரம்தோறும் ஆட்கள் வந்தார்கள். அருவி இல்லை என்று கண்டதும் சிலர் திரும்பிப் போனார்கள். பலர், வந்தது வந்தோம் என்று பலா மரத்தடியில் உட்கார்ந்து குடித்தார்கள். காலிப் பாட்டில்களைப் பாறையில் அடித்து உடைத்தார்கள். சாமைக் கொல்லையில் ஒன்றுக்குப் போனார்கள். குழந்தைகளின் அழுக்கு டயாப்பர்களைச் சுருட்டி வேலியில் செருகிவிட்டுப் போனார்கள். கன்றுக்குட்டி கண்ணாடிச் சில்லை மிதித்துக் குளம்பு பிளந்து, சீழ் வைத்துப் படுத்துவிட்டது. ஒரு நாள், வீட்டுக்குப் பின்னால் ஓலை மறைப்பில் குளித்துக்கொண்டிருந்த சாந்தம்மாள் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டு, "தோ, அருவி இங்க கீது!" என்று நான்கு பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி ஓடி வந்தார்கள். அவள் போட்ட கூச்சலில்தான் நின்றார்கள்.

அன்று இரவு அவள் சோறு போடவில்லை.

"நீ போய் அந்த ஆபீஸ்ல கேட்டுகினு வா. இல்லன்னா நானும் பொண்ணும் எங்கம்மா வூட்டுக்குப் போறோம். அருவிய நீயே வச்சிக்கோ."

தீர்த்தகிரி மறுநாள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு திருப்பத்தூருக்கு இறங்கினார்.

முகமையின் அலுவலகத்தில் குளிர் அதிகமாக இருந்தது. சுவர் முழுக்கச் செயலியின் விளம்பரம். 'சுற்று! படி! கல்!' என்று பெரிதாக எழுதியிருந்தது. முன்மேசையில் நவீன்குமார் உட்கார்ந்திருந்தான். அவரை அடையாளம் கண்டு முதலில் சிரித்தான், பிறகு எதற்கு வந்திருக்கிறார் என்பது புரிந்து சிரிப்பை நிறுத்தினான்.

"தம்பி, எங்க வூட்ட அந்தப் போன்லருந்து எடுத்துடுப்பா."

"எடுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லணா. சேக்கறதுக்குத்தான் இருக்குது. நீங்க புகார் குடுங்க."

"அதுக்குத்தானே வந்தேன்."

"இங்க ஆகாதுணா. செயலியிலதான் குடுக்கணும்."

தீர்த்தகிரியிடம் இருந்தது பொத்தான் போன். நவீன்குமார் தன் போனிலேயே புகார்ப் பக்கத்தைத் திறந்து காட்டினான். 'அருவி மிக அருமை', 'அருவிக்குப் பாதை சரியில்லை', 'அருவியில் தண்ணீர் இல்லை' என்று மூன்று புகார்கள் இருந்தன.

"அருவியே இல்லன்னு ஒண்ணு இருக்காதா தம்பி?"

"அப்படி யாருணா புகார் சொல்லப் போறாங்கன்னு வைக்கல." அவன் மூன்றின்மேலும் விரலை ஓட்டினான். "கிட்டத்துல வர்றது மூணாவதுதான். தண்ணி இல்லன்னு போட்டுடட்டுமா?"

"தண்ணி இல்லதான். போடு."

புகார் தீர்த்தகிரி பெயரில் பதிவாயிற்று. பிறகு நவீன்குமார் மனம் கேட்காமல் அவரை இயக்குநர் அறைக்கே அழைத்துப் போனான். இயக்குநர் பஞ்சாட்சரம் மேசைமேல் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு அன்போடு பேசினார்.

"பாருங்க தீர்த்தகிரி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நூறுன்னு சொல்லிட்டோம். இப்ப உங்க வீட்ட எடுத்தா தொண்ணூத்தொம்பது. தொண்ணூத்தொம்பது அருவியப் பாக்க எவன் வருவான்? ஒரு வீடு பெருசா, ஒரு மலையோட பெருமை பெருசா?"

"சார், நீங்க ஒருவாட்டி நேர்ல வந்து பாத்தீங்கன்னா..."

"அதான் முடியாது. கொண்டை ஊசி வளைவு வந்தா எனக்கு வாந்தி வந்துடும். சின்ன வயசுலருந்தே அப்படி. மலைக்குப் போகாமலே மலைய எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு யோசிச்சேன். அந்த யோசனைதான் இன்னிக்கு செயலியா நிக்குது. நேர்ல வந்துதான் பாக்கணும்னா அப்புறம் செயலி எதுக்கு? அது என் உழைப்பையே கேவலப்படுத்தற மாதிரி இல்லியா?"

தீர்த்தகிரி, கேவலப்படுத்தவில்லை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பிரியதர்ஷினி முகம் வீங்க அழுதுகொண்டிருந்தாள். செயலியின் கற்றல் பகுதியை மலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியிருந்தார்கள். அன்றைக்கு வகுப்பில், 'தீர்த்தகிரி அருவியின் உயரம் என்ன?' என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. அது அருவி இல்லை, எங்கப்பா என்று அவள் எழுந்து சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. அறுபதடி என்பதுதான் சரியான விடை. செயலி அவளை 'கற்றலில் பின்தங்கியவர்' என்று குறித்து, வாசிப்புப் பகுதிக்குப் போய் அருவியின் வரலாற்றைப் படித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்த போனில் படித்தாள்.

"'முன்னொரு காலத்தில் தீர்த்தகிரி என்னும் முனிவர் இம்மலையில் வாழ்ந்தார். உலக இன்பங்களை வெறுத்த அவர் தம் மனைவியைத் துறந்து, ஒற்றைக்காலில் நின்று தவம் செய்து, இறுதியில் கண்ணீர் பெருக்கி அருவியாக உருகிப் போனார்...'"

"என்ன எப்பய்யா தொறந்துட்டுப் போனே?" என்றாள் சாந்தம்மாள்.

"எனக்கு இன்னா தெரியும்?"

"அடுப்புக்கு வெறகு பொளந்து போடக்கூட ஆள் இல்லன்னா முனிவர்தான் போல." போனை வாங்கி மேலே எழுதியிருந்ததைப் பார்த்தாள். "சுற்று, படி, கல். படியும் கல்லும் வச்சி இவங்க இன்னா வூடா கட்றாங்க? இருக்கற வூட்டத்தான் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டானுங்க."

அவள் சொல்லி முடித்த நேரமோ என்னவோ, அடுத்த வாரம் அறிவிப்பு ஒன்று வந்தது. பிரியதர்ஷினி அதையும் படித்தாள். தீர்த்தகிரி என்பவர் அளித்த புகாரின்பேரில் முகமை ஆய்வு மேற்கொண்டதாகவும், தீர்த்தகிரி அருவியில் தண்ணீர் வராததற்குக் காரணம் அருவி விழும் இடத்திலேயே தகரக் கூரை போட்ட வீடு ஒன்று கட்டப்பட்டிருப்பதுதான் என்று செயலியிலுள்ள படத்தின் மூலம் உறுதியானதாகவும், ஆக்கிரமிப்பாளர் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அருவியை மீட்க உதவிய புகார்தாரர் தீர்த்தகிரியை முகமை பாராட்டியிருந்தது.

தீர்த்தகிரி அதை வாங்கி மடித்துவிட்டு வீட்டுச் சுவரைப் பார்த்தார். அது அவருடைய தாத்தா மண் குழைத்து எழுப்பிய சுவர். பட்டா இருந்தது. ரேஷன் அட்டை இருந்தது. அவற்றை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்.

பஞ்சாட்சரம் பட்டாவைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல நஞ்சை, புஞ்சைன்னு போட்டிருக்கே தவிர, அருவி இல்லேன்னு எங்கயும் போடலயே."

"சார், எந்தப் பட்டாவுலயும் அப்படிப் போட மாட்டாங்க சார்."

"அப்ப இல்லேன்னு நிரூபிக்க உங்ககிட்ட ஆதாரம் இல்ல." பட்டாவைத் திருப்பிக் கொடுத்தார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்ல தீர்த்தகிரி. வீட்ட இடிச்சா எனக்கும் பத்திரிகையில கெட்ட பேரு. அதனால ஒரு வழி வச்சிருக்கேன். எங்க முகமைத் தலைவர் நேர்ல வர்றதா சொல்லியிருக்காரு. அன்னிக்கு ஒரு நாள் தண்ணி விழணும். அவ்வளவுதான். விழுந்துச்சுன்னா உங்க புகார் தீந்துபோச்சு. புகார் தீந்துச்சுன்னா ஆக்கிரமிப்பும் தீந்துபோச்சு."

"தண்ணிக்கு எங்க சார் போறது? எங்களுக்கே குடத்துல தலைச்சுமைதான்."

"அத ஒப்பந்தக்காரர் பாத்துக்குவாரு. நீங்க ஒத்துழைச்சா போதும்."

ஒத்துழைப்பதாகத் தீர்த்தகிரி சொல்லிவிட்டார். ஒரு நாள் கூரைமேல் தண்ணீர் ஊற்றினால் வீடு மிஞ்சும் என்றால் ஊற்றிவிட்டுப் போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஜீப்பில் திரும்பி வரும்போது, பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயரவும் செய்தார்.

தலைவர் வரும் நாளில் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். கூரைக்குமேல் தொங்கும் பாறைக்கு நவீன்குமார் தடித்த குழாயை ஏற்றிக் கட்டினான். கீழே பாதையில் உறுமிக்கொண்டு லாரி ஏறி வந்தது. அது வருவதற்கு முன்பே அதன் வாடை வந்துவிட்டது. பந்தலில் கட்டியிருந்த ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

தீர்த்தகிரி நவீன்குமாரின் கையைப் பிடித்தார். "தம்பி, இது கக்கூஸ் லாரிப்பா. கீழ செப்டிக் டேங்க் அள்ளுற வண்டி."

நவீன்குமாருக்குத் தெரிந்திருந்தது. அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "குடிதண்ணி லாரி எதுவும் இந்த ஏத்தத்துல ஏறாதுன்னுட்டாங்கணா. இது ஒண்ணுதான் ஏறுமாம். ரெண்டு வாட்டி அலசிட்டுதான் தண்ணி புடிச்சோம்னு ஒப்பந்தக்காரர் சொல்றாரு."

தீர்த்தகிரி பஞ்சாட்சரத்திடம் ஓடினார். அவர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தியபடி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், வேணாம் சார். அது கழிவு அள்ளுற லாரி சார். உள்ள எங்க சாமை தவசம் கீது, பொண்ணோட புஸ்தகம் கீது."

"அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. ஒப்பந்தத்துல தண்ணீர் ஊர்தின்னுதான் இருக்கு. தலைவர் வந்துட்டாரு, ஓரமா நில்லுங்க."

தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாதஸ்வரம் ஒலித்தது. பஞ்சாட்சரம் கைகாட்டியதும் மேலே பாறையிலிருந்து தண்ணீர் பழுப்பாகப் பாய்ந்து, தகரத்தில் மோதி, வாசலில் கொட்டியது. கைதட்டினார்கள். காற்று திரும்பியது. கைதட்டல் நின்றது.

ஒரு நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. தலைவர் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்.

"மூலிகை வாசம் சார்," என்றார் பஞ்சாட்சரம். "இந்த மலைக்கே உரிய மூலிகை. வேர்ல எல்லாம் ஊறி வர்றதால கொஞ்சம் காரமா இருக்கும்."

"சித்தர்கள் வாழ்ந்த மலை அல்லவா?" என்றார் தலைவர். ஒலிபெருக்கியை வாங்கினார். "அன்பார்ந்தவர்களே! சிலர் கேட்கிறார்கள், மலை மக்களுக்கு ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று. நான் கேட்கிறேன், இவ்வளவு நாளாக இந்த மக்களுக்குத் தங்கள் வீட்டிலேயே அருவி இருப்பது தெரியுமா? தெரியாது. யார் சொன்னது? நம்முடைய செயலி சொன்னது! இல்லாததைக் காட்டுவது பெரிய காரியமில்லை. இல்லாததை அங்கேயே குடியிருப்பவர்களுக்குக் காட்டுவதுதான் சாதனை!"

பிறகு தலைவர் அருவியில் நனைந்தார். அவர் நனைந்ததால் பஞ்சாட்சரம் நனைந்தார். பஞ்சாட்சரம் நனைந்ததால் அலுவலகம் முழுவதும் நனைந்தது. தலைவர் இரண்டு கையிலும் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டு, மிச்சத்தைத் தீர்த்தமாக வாயில் விட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையை ஏந்தினார்கள். 'அருமை' என்றார்கள். ஒருவர் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார். அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது.

வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி பாட்டிலில் பிடித்துத் தன் கைக்குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். சாந்தம்மாள் பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். பாட்டில் உருண்டு போயிற்று.

"பைத்தியமா நீ? அது பீத் தண்ணி! முகர்ந்து பாரு! மூக்கு இல்ல உனக்கு?"

அந்தப் பெண் முகர்ந்து பார்க்கவில்லை. அவள் செயலியைத் திறந்து, 'உள்ளூர்க்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள்' என்று எழுதி ஒரு நட்சத்திரம் போட்டாள்.

எல்லோரும் போன பிறகு தீர்த்தகிரி வீட்டுக்குள் நுழைந்தார். தகரத்தின் இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் மண்சுவரில் பட்டை பட்டையாக வழிந்திருந்தது. விதைக்கென்று குதிரில் வைத்திருந்த சாமை ஊறிக் கிடந்தது. பாயில் ஈ மொய்த்தது. தீர்த்தகிரி வாசலுக்கு வந்து குனிந்து வாந்தி எடுத்தார். சாந்தம்மாள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு சாமையை அள்ளி எருக்குழியில் கொட்டத் தொடங்கினாள். பிரியதர்ஷினி தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்து, ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலையே புகார் தீர்க்கப்பட்டதாகச் செயலி சொன்னது. அன்று இரவே முகமையும் படுத்தது. வயிற்றுப்போக்கும் குளிர்காய்ச்சலுமாகத் தலைவர் முதல் வாகன ஓட்டிவரை மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இரண்டு முறை குடித்தவருக்கு மட்டும் தனி அறை. என்ன குடித்தார்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, அருவித் தண்ணீர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். லாரி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட்டது என்ற கேள்வி வரும்.

ஆகவே குற்றம் அருவியுடையதாயிற்று. நவீன்குமார் ஒரு தகரப் பலகையோடும் சுத்தியலோடும் மலையேறி வந்தான். வீட்டுக் கதவுக்கு மேலே அதை வைத்து அடித்தான். 'தீர்த்தகிரி அருவி சுகாதாரக் காரணங்களுக்காக மூடப்பட்டுள்ளது. உள்ளே நுழைவது தண்டனைக்குரியது.'

"அப்ப நாங்க எங்க தம்பி படுக்கறது?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

நவீன்குமார் ஆணிகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான். "அருவியில யாரும் படுக்க மாட்டாங்கணா. அப்படித்தான் விதியில இருக்கு."

சாந்தம்மாள் சாணியும் சுண்ணாம்பும் கரைத்துச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை பச்சை. அவள் எழுந்து வந்து, பலகைக்குக் கீழே குனிந்து, கதவைக் காலால் தள்ளித் திறந்து உள்ளே போனாள். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, உள்ள போகக்கூடாதுக்கா. நான் போட்டோ எடுத்து அனுப்பணும்."

"எடுத்துக்கோ," என்றாள் உள்ளேயிருந்து. "அருவிக்குள்ள ஒரு பொம்பள சோறாக்கினு கீறாள்னு எழுதி அனுப்பு. இன்னா தண்டனைன்னு பாக்கலாம்."

நவீன்குமார் போனை எடுத்தான், எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினான், பிறகு மூடிய கதவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கார்கூட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. செயலியில் அந்த இடம் சிவப்பாகி, மூடப்பட்டது என்று காட்டியது. யாரும் சாமைக் கொல்லையில் ஒன்றுக்குப் போகவில்லை. கன்றுக்குட்டி நொண்டிக்கொண்டே எழுந்து நின்றது. சுவரின் வாடை மட்டும் போகவில்லை. எத்தனை முறை பூசினாலும் வெயில் ஏற ஏற அது மேலே வந்தது.

ஒரு மாலை, மேல்கொல்லைத் தங்கவேல் வந்தார். அவருடைய புளியந்தோப்பைச் செயலி காட்சிமுனை என்று போட்டிருந்தது. புளி உலுக்கக்கூட விடாமல் கூட்டம் வந்துகொண்டிருந்தது. போன வாரம் யாரோ அடுப்பு மூட்டி ஒரு மரத்தையே கருக்கிவிட்டார்கள். அவர் வாசலில் நின்று பலகையை வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"தீர்த்தகிரி, எனக்கும் இந்த மாதிரி ஒரு பலக வாங்கிக் குடேன்."

"குடுப்பாங்க," என்றார் தீர்த்தகிரி. "ஆனா அதுக்கு முன்னாடி அந்த லாரி வரும். பரவால்லியா?"

தங்கவேல் சுவருக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். அங்கிருந்தே தம் தோப்பிருக்கும் திசையைப் பார்த்தார். மேலே பாட்டும் கூச்சலும் கேட்டன. ஒரு பாட்டில் பாறையில் பட்டு உடைந்தது.

"வரட்டும்," என்றார்.